விடை 3.545 மடங்கு பிசகினால் எங்கே பார்ப்பது: சார்பியல் மின்காந்தவியலில் அலகு, கேஜ் பிழைகள்

வேலூர், காட்பாடி, சேர்க்காடு, திருப்பத்தூர் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பவர் மேசையில் மூன்று அலகு முறைகள் ஒன்றாகக் கிடக்கும். பி.எஸ்சி.யில் பழகியது எஸ்.ஐ. சார்பியலுக்கு எடுக்கும் நூல் பெரும்பாலும் காஸியன். குவாண்டம் புலக்கோட்பாட்டுக்குப் போனால் ஹெவிசைடு-லோரென்ட்ஸ், அதுவும் ஒளிவேகம் சி, ஹெச்-பார் (பிளாங்க் மாறிலி ÷ 2பை) இரண்டையும் 1 என்று வைக்கும் இயல்பலகில். ஜாக்சனின் ‘கிளாசிக்கல் எலெக்ட்ரோடைனமிக்ஸ்’ நூலின் மூன்றாம் பதிப்பில் ஒரே அட்டைக்குள்ளேயே 10-ஆம் அத்தியாயம் வரை எஸ்.ஐ., 11-லிருந்து காஸியன். அல்ஜீப்ராவில் ஒரு தப்பும் இல்லாமலே விடை பிசக இது போதும்.

பிசகினால் முதல் வரியிலிருந்து திரும்பப் போடாதீர்கள். உங்கள் விடையைத் தெரிந்த விடையால் வகுத்து, வரும் விகிதத்தைப் பாருங்கள். 3.545, 12.57, 157.9 (அல்லது இவற்றின் தலைகீழ்) வந்தால் அலகு. பத்தின் பெரிய அடுக்காக வந்தால் சி அல்லது ஹெச்-பார் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எண் சரியாக இருந்து குறி மட்டும் மாறினால் மெட்ரிக் (நேரத்துக்கும் இடத்துக்கும் எந்தக் குறி என்ற தேர்வு). விகிதம் ஒரே எண்ணாக நிற்காமல் அதிர்வெண்ணோடோ நேரத்தோடோ மாறிக்கொண்டே இருந்தால் கேஜ் (ஒரே புலத்தைத் தரும் பல பொடென்ஷியல்களில் ஒன்றைத் தேர்வது) பக்கம் போங்கள்.

குறியீடுகள்: எலெக்ட்ரான் சார்ஜின் பருமன் ‘இ’, வெக்டர் பொடென்ஷியல் ‘ஏ’, ஸ்கேலர் பொடென்ஷியல் ‘ஃபை’, சார்ஜ் அடர்த்தி ‘ரோ’, மின்னோட்ட அடர்த்தி ‘ஜே’. எலெக்ட்ரான்வோல்ட் ‘இவி’, அதன் பத்து லட்சம் மடங்கு ‘எம்இவி’.

அறிகுறி: விகிதம் 3.545, 12.57 அல்லது 157.9

இவை வரிசையாக √(4பை), 4பை, (4பை)². காஸியனில் 4பை மேக்ஸ்வெல் சமன்பாட்டில் உட்கார்ந்திருக்கும், கூலும் விதியில் இருக்காது. ஹெவிசைடு-லோரென்ட்ஸில் நேர்மாறு. இந்த இடமாற்றத்தில் சார்ஜும் புலமும் அளவு மாறுகின்றன. காஸியன் சார்ஜ் வேண்டுமென்றால் ஹெவிசைடு-லோரென்ட்ஸ் சார்ஜை √(4பை)-ஆல் வகுக்க வேண்டும். காஸியன் புலமோ பொடென்ஷியலோ வேண்டுமென்றால் √(4பை)-ஆல் பெருக்க வேண்டும். சார்ஜ் × புலம் இரண்டிலும் ஒன்றே.

சி = ஹெச்-பார் = 1 என்றால், நுண்கட்டமைப்பு மாறிலி ஆல்ஃபா எந்த முறையிலும் 1/137.036 தான். காஸியனில் ஆல்ஃபா = இ², ஆகவே இ = 0.08542. ஹெவிசைடு-லோரென்ட்ஸில் ஆல்ஃபா = இ²/4பை, ஆகவே இ = 0.3028. அதேபோல 1 டெஸ்லா காந்தப்புலம் காஸியன் இயல்பலகில் 692.5 இவி², ஹெவிசைடு-லோரென்ட்ஸில் 195.35 இவி². சார்ஜை ஒரு அட்டவணையிலிருந்தும் புலத்தை இன்னொரு அட்டவணையிலிருந்தும் எடுப்பதுதான் இந்த வகைப் பிழைகளில் முக்கால்வாசி.

கையில் எண் வைத்துப் பார்ப்போம். வேலூரில் ஸ்கேன் எடுக்கும் இடங்களில் உள்ள எம்.ஆர்.ஐ. காந்தங்கள் பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லாவில் புரோட்டான் ஒத்ததிர்வு அதிர்வெண் 63.87 மெகாஹெர்ட்ஸ். இது அளந்து தெரிந்த எண், ஆகவே நல்ல சோதனைக் கல். இயல்பலகில் ஒத்ததிர்வு ஆற்றல் = 2.7928 × இ × காந்தப்புலம் ÷ புரோட்டான் நிறை (2.7928 என்பது அணுக்கரு மேக்னெட்டானில் புரோட்டானின் காந்தத் திருப்புத்திறன்). ஹெவிசைடு-லோரென்ட்ஸில் 1.5 டெஸ்லா என்பது 293.0 இவி². அதை 0.3028-ஆல் பெருக்கினால் 88.74 இவி². புரோட்டான் நிறை 938.27 × 10⁶ இவி-ஆல் வகுத்து, 2.7928-ஆல் பெருக்கினால் 2.641 × 10⁻⁷ இவி. பிளாங்க் மாறிலி 4.1357 × 10⁻¹⁵ இவி-நொடியால் வகுங்கள்: 63.87 மெகாஹெர்ட்ஸ்.

இப்போது தப்பான விடைகள். 18.02 மெகாஹெர்ட்ஸ் வந்தால், புலம் ஹெவிசைடு-லோரென்ட்ஸ், சார்ஜ் காஸியன். 226.4 வந்தால் அதன் நேர்மாறு. 401.3 வந்தால் அலகு சரி. பிளாங்க் மாறிலிக்குப் பதில் ஹெச்-பாரால் வகுத்துக் கோண அதிர்வெண்ணை எடுத்திருக்கிறீர்கள், 2பை-ஆல் வகுத்துவிடுங்கள். பிழைக்கும் ஒரு முகம் உண்டு. இந்த மூன்று எண்களையும் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் அந்த முகம் மறக்காது.

157.9 பெரும்பாலும் சிதறல் குறுக்குவெட்டில் வரும். தாம்சன் குறுக்குவெட்டை இ⁴/(6பை × நிறை²) என்று எழுதுவது ஹெவிசைடு-லோரென்ட்ஸ். அதில் 0.08542-ஐப் போட்டால் 0.6652 பார்ன் வரவேண்டிய இடத்தில் 0.00421 பார்ன் வரும். லார்மர் கதிர்வீச்சுச் சூத்திரத்தைப் பார்த்தே நூல் எந்த முறை என்று சொல்லிவிடலாம்: சார்ஜ்², முடுக்கம்² பெருக்கத்துக்கு முன் 2/3 இருந்தால் காஸியன், 1/6பை இருந்தால் ஹெவிசைடு-லோரென்ட்ஸ், 6பை-யோடு எப்சிலான்-பூஜ்யமும் கீழே இருந்தால் எஸ்.ஐ.

நிரந்தர மருந்து, ‘இ’-யைத் தனியாக எண்ணாக மாற்றவே மாற்றாமல் இருப்பது. சூத்திரத்தை ஆல்ஃபாவுக்கோ, ‘இ × புலம்’ என்ற சேர்க்கைக்கோ கொண்டுவந்த பிறகு எண் போடுங்கள். 1 டெஸ்லாவுக்கு இ × காந்தப்புலம் = 59.16 இவி²; ஒரு மீட்டருக்கு 1 வோல்ட்டுக்கு இ × மின்புலம் = 1.973 × 10⁻⁷ இவி². இவை இரண்டும் எந்த முறையிலும் மாறாதவை. நோட்டின் உள்ளட்டையில் இவற்றை எழுதி வைத்தால் 195-ஆ 692-ஆ என்ற சந்தேகமே வராது.

எஸ்.ஐ. சூத்திரத்தை இயல்பலகுக்கு மாற்றும்போது எப்சிலான்-பூஜ்யம் = 1 என்றால் ஹெவிசைடு-லோரென்ட்ஸ்; எப்சிலான்-பூஜ்யம் = 1/4பை என்றால் காஸியன். எப்சிலானை மாற்றிவிட்டு மியூ-பூஜ்யத்தை 4பை × 10⁻⁷ என்றே விட்டுவிடுவோர் உண்டு. அப்போது இரண்டின் பெருக்கம் 1/சி² ஆக இருக்காது, கணக்கின் பாதியில் சி = 1, மறு பாதியில் வேறு ஏதோ. 2019 மே 20-இலிருந்து மியூ-பூஜ்யம் 4பை × 10⁻⁷ என்று வரையறுக்கப்பட்ட எண் அல்ல, அளந்து பெறும் எண். ஆனால் வித்தியாசம் பத்தாவது இலக்கத்தில், உங்கள் 3.545-க்குப் பழியை அதன்மேல் போட முடியாது.

அறிகுறி: பத்தின் அடுக்கில் பெரிய பிழை, அல்லது விடையின் அலகே பொருந்தவில்லை

இயல்பலகில் முடித்த விடைக்குள் சி-யையும் ஹெச்-பாரையும் திரும்பச் செருகும்போது வருவது. ஊகித்துச் செருகாதீர்கள். விடை என்ன பரிமாணத்தில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, ஹெச்-பார் × சி = 197.327 எம்இவி-ஃபெம்டோமீட்டர் என்ற ஒரே எண்ணைத் தேவையான அடுக்கில் பெருக்குங்கள்.

போர் ஆரம்: 1/(ஆல்ஃபா × நிறை) = 137.036 ÷ 0.5110 எம்இவி = 268.2 எம்இவி⁻¹. நீளம் வேண்டும், எம்இவி ஒரு அடுக்கில் கீழே இருக்கிறது, ஆகவே 197.327-ஆல் ஒருமுறை பெருக்கினால் 52,918 ஃபெம்டோமீட்டர், அதாவது 0.529 ஆங்ஸ்ட்ராம். தாம்சன் குறுக்குவெட்டு: 8பை ஆல்ஃபா²/(3 × நிறை²) = 1.708 × 10⁻³ எம்இவி⁻². பரப்பு வேண்டும், ஆகவே 197.327-இன் வர்க்கம், 38,938-ஆல் பெருக்கினால் 66.52 சதுர ஃபெம்டோமீட்டர். 100 சதுர ஃபெம்டோமீட்டர் 1 பார்ன். ஒருமுறை மட்டும் பெருக்கி 0.337 என்று வைத்துக்கொண்டு ‘பாதிதான் வருகிறது, ஏதோ 2 விட்டுப்போச்சு’ என்று தேடுவது வீண். எம்இவி இன்னும் அங்கேயே நிற்கிறது.

புலங்களை ஒப்பிடும்போது வேறு விதம். எஸ்.ஐ.யில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் நேரடியாகக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. மின்புலத்தை முதலில் சி-ஆல் வகுக்கவேண்டும். காற்று உடையும் புலம் மீட்டருக்கு சுமார் 3 × 10⁶ வோல்ட். அதை சி-ஆல் வகுத்தால் 0.01 டெஸ்லா, அதாவது 100 காஸ். காஸியனில் அதே மின்புலம் சென்டிமீட்டருக்கு 100 ஸ்டாட்வோல்ட். எண்ணே பேசுகிறது, வகுக்க வேண்டியதில்லை.

வானியல் கட்டுரைகள் பெரும்பாலும் காஸியனில் இருப்பதால், பழைய வட ஆற்காட்டு ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்வந்து ஆர்வப்பட்டு விண்மீன் காந்தப்புலம் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் இங்கே தடுக்குவார்கள். 1 காஸ் = 10⁻⁴ டெஸ்லா = 1.95 × 10⁻² இவி² என்று பார்த்தால் அது ஹெவிசைடு-லோரென்ட்ஸ், 6.93 × 10⁻² என்று பார்த்தால் காஸியன் இயல்பலகு. புலத்தைக் ‘காஸ்’ என்று சொல்லிவிட்டு முதல் எண்ணைப் பயன்படுத்தும் கட்டுரைகள் நிறைய. அது தப்பல்ல, அவர்கள் அளவின் பெயரை மட்டும் காஸியனிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அங்கே சார்ஜ் 0.3028 ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: எண் சரி, குறி தலைகீழ்

மெட்ரிக் (+−−−) ஆ (−+++) ஆ என்று முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நான்கு-பொடென்ஷியல் மேல் குறியீட்டில் இரண்டிலும் (ஃபை, ஏ) தான். கீழே இறக்கினால் முதல் மெட்ரிக்கில் (ஃபை, −ஏ), இரண்டாவதில் (−ஃபை, ஏ). அதனால் புல டென்சரின் கீழ்க்குறியீட்டு 0-ஐ கூறு முதலாவதில் +மின்புலம், இரண்டாவதில் −மின்புலம். மேக்ஸ்வெல் சமன்பாட்டில் டென்சரின் முதல் குறியீட்டை வகையிட்டு எழுதினால் வலப்பக்கம் முதலாவதில் +ஜே, இரண்டாவதில் −ஜே. லக்ராஞ்சியனில் ஜே-ஏ சேர்க்கை முதலாவதில் கழித்தல், இரண்டாவதில் கூட்டல். ஒரு நூலிலிருந்து டென்சரையும் இன்னொன்றிலிருந்து லக்ராஞ்சியனையும் எடுத்தால் ஒத்த சார்ஜுகள் ஒன்றையொன்று இழுக்கும்.

சோதனை எளிது. டென்சரைத் தன்னோடு முழுதாகச் சுருக்கினால் இரண்டு மெட்ரிக்கிலும் 2 × (காந்தப்புலம்² − மின்புலம்²) வரவேண்டும். வராவிட்டால் டென்சர் எழுதும்போதே பிழை. அது வந்து, நிலையான ஒற்றைச் சார்ஜுக்கு மின்புலத்தின் டைவர்ஜென்ஸ் +ரோ என்றும் வந்தால் மெட்ரிக் நிரபராதி. சார்ஜின் குறியைப் பாருங்கள். சில நூல்களில் ‘இ’ என்பது எலெக்ட்ரானின் சார்ஜே, எதிர்க்குறி உள்ளேயே அடங்கியது. சிலவற்றில் பருமன் மட்டும்.

கேஜ் பிழைகள்

வேலூர்க் கோட்டை மதிலின் உச்சியை அகழித் தண்ணீர் மட்டத்திலிருந்து அளந்தால் ஓர் எண், கடல் மட்டத்திலிருந்து அளந்தால் வேறு எண். உச்சியிலிருந்து விழும் கல் அடியைத் தொட எடுக்கும் நேரம் மாறாது. பொடென்ஷியல் முதல் வகை எண், புலமும் சிதறல் நிகழ்தகவும் இரண்டாம் வகை. ஆகவே இரண்டு கேஜில் பொடென்ஷியல் வேறாக வந்தால் அது அறிகுறியே அல்ல, கவலைப்படாதீர்கள். புலம் வேறாக வந்தால்தான் அறிகுறி.

அறிகுறி: கூலும் கேஜில் பொடென்ஷியல் ஒளியை முந்துகிறது

ஏ-யின் டைவர்ஜென்ஸ் பூஜ்யம் என்று வைத்தால் ஃபை-க்கு வருவது பாய்சான் சமன்பாடு, அதில் நேரமே இல்லை. சார்ஜ் இங்கே அசைந்த கணமே ஃபை எல்லா இடத்திலும் மாறுகிறது. இது பிழையல்ல. ஏ-யும் அதே கணத்தில் மாறுகிறது. மின்புலத்தைக் கட்டும்போது இரண்டின் உடனடிப் பகுதிகளும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அடிக்கவில்லை என்றால்தான் பிழை, அது கிட்டத்தட்ட எப்போதும் ஒரே இடத்தில். கூலும் கேஜில் ஏ-யின் அலைச் சமன்பாட்டில் வலப்பக்கம் இருக்கவேண்டியது முழு ஜே அல்ல, அதன் குறுக்குப் பகுதி (டைவர்ஜென்ஸ் இல்லாத பகுதி) மட்டும். ஹெவிசைடு-லோரென்ட்ஸில், சி = 1 என்றால், ஜே-யிலிருந்து ஃபை-யின் நேர வகைக்கெழுவின் கிரேடியன்டைக் கழிக்கவேண்டும். காஸியனில் ஜே-க்கு முன் 4பை/சி, கழிக்கும் உறுப்புக்கு முன் 1/சி. அந்த உறுப்பை விட்டுவிட்டால் ஏ-யின் டைவர்ஜென்ஸ் பூஜ்யமாக நிற்காது. சார்ஜ் அடர்த்தி மாறும் இடங்களில் முளைத்துப் பரவும்.

இந்தப் பிழை சோதனைக் கணக்கில் ஒளிந்துகொள்வதில் கெட்டி. வட்டச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தை வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஜே-யின் டைவர்ஜென்ஸ் பூஜ்யம், கழிக்கவேண்டிய உறுப்பும் பூஜ்யம். பிறகு இருமுனை ஆன்டெனாவுக்குப் போனதும் கம்பியின் இரு நுனியிலும் புலம் தாறுமாறாகும். ஆகவே சோதனையைச் சுருளில் வைக்காதீர்கள், நுனியில் சார்ஜ் சேரும் குறுங்கம்பியில் வையுங்கள். ஒவ்வொரு நேரப்படியிலும் ஏ-யின் டைவர்ஜென்ஸின் உச்ச மதிப்பை அச்சிடுங்கள். அது வளர்ந்தால் குறுக்குப் பகுதி விட்டுப்போனது உறுதி.

அறிகுறி: லோரென்ஸ் கேஜ் நிபந்தனை பொருந்த மறுக்கிறது, அல்லது இருவருக்கு இரண்டு ஏ வருகிறது

முதலில் சூத்திரத்தின் சி. ஃபை-யின் நேர வகைக்கெழுவுக்கு முன் எஸ்.ஐ.யில் 1/சி², காஸியனில் 1/சி, இயல்பலகில் ஒன்றுமில்லை.

அது சரியென்றால் மூலத்தைப் பாருங்கள். தாமதப் பொடென்ஷியல்கள் லோரென்ஸ் நிபந்தனையைத் தாமாகவே நிறைவேற்றும், சார்ஜ் அழியாமல் இருந்தால் மட்டும். ‘நீளம் எல், நிலையான மின்னோட்டம் ஐ’ என்று ஒரு கம்பித் துண்டை மட்டும் எடுத்து, நுனிகளில் சேரும் சார்ஜைச் சேர்க்காமல் போட்டால் நிபந்தனை உடையும். கேஜைத் திட்டிப் பயனில்லை, அப்படி ஒரு மூலம் இயற்கையிலேயே கிடையாது.

இருவருக்கு இரண்டு ஏ வருவது இயல்பு. லோரென்ஸ் நிபந்தனைக்குப் பிறகும், மூலமில்லா அலைச் சமன்பாட்டை நிறைவேற்றும் எந்தச் சார்பையும் கேஜ் சார்பாக எடுக்கலாம். புலத்தை ஒப்பிட்டுவிட்டு நகருங்கள்.

அறிகுறி: பூஸ்ட் செய்ததும் ஏ-யின் டைவர்ஜென்ஸ் பூஜ்யமாக இல்லை

கூலும் கேஜ் ஒரு குறிப்பிட்ட சட்டகத்துக்கே உரியது. பூஸ்டுக்கு (வேறு வேகத்தில் நகரும் சட்டகத்துக்கு மாறுவது) பின் அதே கேஜ் வேண்டுமென்றால் கூடவே ஒரு கேஜ் மாற்றமும் தேவை. ஃபோட்டானின் துருவ வெக்டருக்கு அது ஒரே வரி: பூஸ்டுக்குப் பின் துருவ வெக்டரின் நேரக் கூறை அதிர்வெண்ணால் வகுத்து, அந்த எண்ணால் அலை நான்கு-வெக்டரைப் பெருக்கி, துருவ வெக்டரிலிருந்து கழித்துவிடுங்கள். நேரக் கூறு பூஜ்யமாகும், குறுக்குத் தன்மை திரும்பும்.

அறிகுறி: ஃபை = 0 கேஜில் ஏ நேரத்தோடு ஏறிக்கொண்டே போகிறது

நிலையாக நிற்கும் சார்ஜுக்கு இந்த கேஜில் ஏ = −நேரம் × மின்புலம். ஏறத்தான் செய்யும். புரோகிராமில் எண் பெரிதாகித் துல்லியம் குறைவதைத் தவிர வேறு கேடில்லை. ஏ-க்குப் பதில் மின்புலத்தை மாறியாக வைத்துக்கொண்டால் அதுவும் போகும்.

உண்மையான ஆபத்து வேறு. ஃபை-யை முதலிலேயே பூஜ்யமாக்கிவிட்டால், ஃபை-யை வைத்துக் கிடைக்கும் காஸ் விதி இயக்கச் சமன்பாடுகளில் வராது. ஆரம்ப மின்புலத்தை நீங்களே காஸ் விதிக்குப் பொருந்தக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் சார்ஜ் அழியாமை அதைக் கடைசி வரை காப்பாற்றும். மின்புலம் பூஜ்யம் என்று தொடங்கிவிட்டு உள்ளே சார்ஜை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நிலைச் சார்ஜ் ஒன்று எதிர்க்குறியோடு அதே இடத்தில் இருப்பதுபோல் விடை வரும். சார்ஜ் நகர்ந்து போன பிறகும் அந்த இடத்தில் புலம் ஒட்டிக்கொண்டே இருந்தால் இதுதான் காரணம்.

அறிகுறி: நேரப்படி சில நூறு கடந்ததும் எண்கள் வெடிக்கின்றன

கேஜைத் தொடாதீர்கள், நேரப்படியைப் பாருங்கள். சி = 1 என்று எழுதியபின் நீளமும் நேரமும் ஒரே அலகில் இருப்பதால் இரண்டையும் சமமாக வைக்கும் ஆசை வரும். வழக்கமான முப்பரிமாண வலையில் நேரப்படி, வலை அகலத்தின் 0.577 மடங்குக்குக் கீழே இருக்கவேண்டும் (1/√3). வலை 1 சென்டிமீட்டர் என்றால் நேரப்படி 19.26 பைக்கோநொடிக்குக் கீழ். பாதி அகலம் எடுத்தால் 16.68 பைக்கோநொடி, நிம்மதி.

அறிகுறி: சிதறல் விடை கேஜ் அளவுருவையோ துருவத் தேர்வையோ பொறுத்து மாறுகிறது

ஃபெய்ன்மன் வரைபடம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இதற்கு வேறு காரணம் தேடுவதற்கு முன் வரைபடங்களை எண்ணுங்கள். சோதனை: வெளி ஃபோட்டானின் துருவ வெக்டரை எடுத்துவிட்டு அங்கே அதன் உந்த நான்கு-வெக்டரைப் போடுங்கள். எல்லா வரைபடங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம் ஆகவேண்டும். துருவக் கூட்டலுக்கு மெட்ரிக்கின் எதிர்க்குறியைப் போடும் குறுக்குவழி, இந்தச் சோதனையில் தேறிய பிறகே செல்லும்.

எலெக்ட்ரான் காம்ப்டன் சிதறலில் இரண்டு வரைபடங்கள். ஒன்றை மட்டும் போட்டால் தேறாது. சுழற்சியில்லாத் துகளுக்கு மூன்று, அதில் இரண்டு ஃபோட்டான்களும் ஒரே புள்ளியில் தொடும் வரைபடத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அதை மறந்தால் என்னவாகும் என்பது வேடிக்கை. துகள் நிற்கும் சட்டகத்தில், துருவ வெக்டருக்கு நேரக் கூறு இல்லாத கேஜில், மற்ற இரண்டு வரைபடங்களும் பூஜ்யம். தாம்சன் விடை முழுவதும் மறந்துபோன அந்த ஒன்றிலிருந்தே வருகிறது. ஆகவே இந்த கேஜில் உங்கள் குறுக்குவெட்டு சுத்த பூஜ்யம், வேறு கேஜில் ஏதோ ஓர் எண். இப்படி ஒரு ஜோடி வந்தால் எந்த வரைபடம் காணோம் என்று கேட்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: எலெக்ட்ரானின் செல்ஃப்-எனர்ஜி, நிறை-ஓட்டுக்கு (மாஸ் ஷெல்) வெளியே கேஜ் அளவுருவைப் பொறுத்து மாறுவது சரியான விடையே. அதிலிருந்து எடுக்கும் நிறை மாறக்கூடாது. முன்னதைப் ‘பிழை’ என்று திருத்தப் போய் நல்ல கணக்கைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம்.

அறிகுறி: லெங்த் கேஜும் வெலாசிட்டி கேஜும் ஒத்துப்போகவில்லை

லேசர்ப் புலத்தில் அணு: லெங்த் கேஜில் ‘−சார்ஜ் × இடம் × மின்புலம்’, வெலாசிட்டி கேஜில் ‘உந்தம் × ஏ’. இரண்டு நிலைமாற்ற வீச்சுகளின் விகிதம் ‘மட்டங்களின் ஆற்றல் இடைவெளி ÷ லேசர் அதிர்வெண்’ என்று வந்தால், ஹாமில்டோனியனை மட்டும் மாற்றிவிட்டு அலைச்சார்பை மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். ஒத்ததிர்விலேயே சோதித்தால் விகிதம் 1, பிழை தெரியாது. விலகி வந்து சோதியுங்கள். ஹைட்ரஜனின் நுண்கட்டமைப்பு அளவீட்டில் வில்லிஸ் லாம்ப் 1952-இல் இதைச் சந்தித்து, வழக்கமான அலைச்சார்புகளோடு பொருந்துவது லெங்த் கேஜ் வடிவமே என்று குறித்தார்.

சரிசெய்ய, அலைச்சார்பையும் கேஜ் கட்டத்தால் பெருக்குங்கள். கட்டத்தின் அடுக்கில் இயல்பலகில் சார்ஜ் × கேஜ் சார்பு, எஸ்.ஐ.யில் அதை ஹெச்-பாரால் வகுக்கவேண்டும். காஸியனில் ஹெச்-பார் × சி-ஆல். துடிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஏ பூஜ்யமாக இருந்தால் இந்தக் கட்டம் 1 ஆகிவிடும்; ஆகவே மின்புலத்தை முழுத் துடிப்புக்கும் தொகையிட்டால் பூஜ்யம் வரும்படி துடிப்பைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

இதெல்லாம் செய்தும் விகிதம் 1 ஆகவில்லையென்றால், அடிப்படைச் சார்புகள் போதவில்லை, அல்லது நான்-லோக்கல் சூடோபொடென்ஷியல் பயன்படுத்துகிறீர்கள். அதில் உந்தம் என்பது நிறை × திசைவேகம் அல்ல. இடத்துக்கும் சூடோபொடென்ஷியலுக்குமான கம்யூட்டேட்டரைத் திசைவேகத்தில் சேர்க்கவேண்டும். அடிப்படைச் சார்புகளின் எண்ணிக்கையை ஏற்றும்போது வித்தியாசம் சுருங்கினால் முதல் காரணம், அசையாமல் நின்றால் இரண்டாவது.

அறிகுறி: சோலினாய்டுக்கு வெளியே ஏ-யை அழித்ததும் ஆரனோவ்-போம் கட்டம் காணாமல் போகிறது

ஆரனோவ்-போம் கட்டம் என்பது சோலினாய்டைச் சுற்றிவரும் சார்ஜின் அலைச்சார்பு உள்ளே உள்ள ஃப்ளக்ஸால் பெறும் கட்டம். வெளியே காந்தப்புலம் இல்லை, ஆகவே ஏ-யைக் கேஜ் மாற்றத்தால் முழுதாகத் துடைத்துவிடலாம் என்று தோன்றும். அதற்குத் தேவைப்படும் கேஜ் சார்பு கோணத்துக்கு நேர்விகிதமானது. ஒரு சுற்று சுற்றி வந்தால் பழைய மதிப்புக்குத் திரும்பாது. அது 2பை/சார்ஜ்-இன் முழு மடங்காகத் தாவினால் மட்டுமே அனுமதிக்கப்பட்ட கேஜ் மாற்றம். மற்ற சமயங்களில் நீங்கள் கேஜை மாற்றவில்லை, சோலினாய்டுக்குள் இருக்கும் ஃப்ளக்ஸையே மாற்றிவிட்டீர்கள்.

ஏ-யைப் புள்ளிக்குப் புள்ளி பார்க்காமல் மூடிய வளையத்தைச் சுற்றித் தொகையிட்டுப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சார்ஜ் × தொகை 2பை-யின் முழு மடங்கால் மட்டுமே வேறுபடலாம். எண் சோதனை வேண்டுமென்றால், ஒரு முழுக் கட்டச் சுற்றுக்கான ஃப்ளக்ஸ் எஸ்.ஐ.யில் பிளாங்க் மாறிலி ÷ இ = 4.136 × 10⁻¹⁵ வெபர். ஹெவிசைடு-லோரென்ட்ஸ் இயல்பலகில் அது 2பை/0.3028 = 20.75, காஸியனில் 73.55. 2.068 × 10⁻¹⁵ வெபர் வந்தால் மீக்கடத்தி அட்டவணையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அங்கே சார்ஜ் 2இ.